விட்ட நாளுக்குக் களா உண்டா?

ஒரு காரியத்தைத் தினம் ஒன்றாக ஒரு வருஷம் செய்வதென்று நிய்யத்து வைத்துத் தொடங்கி, நடுவில் ஒரு நாள் விட்டுப் போனால், அந்த நாளை என்ன செய்வது? கேள்வி மிகச் சிறியது. கடைத்தெருவில் இதைக் கேட்டால் "வியாபாரம் மந்தமா?" என்று சிரிப்பார்கள். நம்மையும் அப்படித்தான் கேட்டார்கள். ஆயினும் இந்தச் சிறிய விஷயம் நமது தூக்கத்தைப் பல இரவுகள் கெடுத்தது. வியாபாரிகளாகிய சகோதரர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டென்று தோன்றுவதால் எழுதுகிறோம்.

நமது மகள் ஒரு நாள் அமெரிக்காவில் வாழ்ந்த ஜேமி லிவிங்ஸ்டன் என்பவரைப் பற்றிச் சொன்னாள். அவர் 1979 மார்ச் 31 முதல் தினம் ஒரு போலராய்ட் படம் எடுக்க ஆரம்பித்து, 1997 அக்டோபர் 25 அன்று தாம் காலமாகும் வரை விடாது எடுத்தாராம். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். பதினெட்டு வருஷம்! "அத்தா, உங்களால் ஒரு வருஷம் முடியுமா?" என்று அவள் கேட்டாள். நாற்பதைத் தாண்டிய மனிதனை இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? முடியும் என்று சொல்லிவிட்டோம். பினாங்கு சூலியா தெருவில் உள்ள நமது கடையின் வாசலில் நின்று, கடை திறந்தவுடன், எதிர்ப்புற அஞ்சடியைக் கைபேசியில் ஒரு படம் எடுப்பது, அதைத் தேதி போட்டு ஆல்பத்தில் ஒட்டி வைப்பது என்று ஏற்பாடு.

ஒரு வருஷம் என்றால் எந்த வருஷம்? ஹிஜ்ரி வருஷமே நமது வருஷம் என்று முடிவு செய்தோம். (மகள், "பத்து நாள் மிச்சம் பிடிக்கிறீர்கள்" என்றாள். வியாபாரியின் மகள் அல்லவா!) ஹிஜ்ரி வருஷத்துக்கு 354 அல்லது 355 நாள். இதைப் பாராமல் ஆங்கில வருஷத்தைக் கொண்டு ஜகாத் கணக்குப் பார்ப்பவர், ஏறத்தாழ 33 வருஷத்தில் ஒரு வருஷ ஜகாத்தையே விட்டுவிடுகிறார் என்பதையும் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறோம். நிற்க. ஹிஜ்ரி 1446 முஹர்ரம் முதல் நாள், 2024 ஜூலை 7 அன்று பிறந்தது. ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகராக யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்ததும் 2008 இல் இதே ஜூலை 7 தான். நல்ல நாள் என்று தொடங்கினோம்.

நாம் படம் எடுக்க நினைத்ததற்கு மகளின் சவால் மட்டும் காரணமன்று. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஆம் வருஷம் பிறந்தபோது இல்லாமற் போனது. நமக்கு அப்போது இருபது வயதிருக்கும். தலைமுறை தலைமுறையாக இருந்த எத்தனையோ கடைகள் அதற்குப் பின் காலி செய்து போயின. இன்று அந்த வாசல்களில் காப்பிக் கடையும் தங்கும் விடுதியும் இருக்கின்றன. முன்பு அங்கே யார் இருந்தார், என்ன விற்றார் என்று கேட்டால், நமக்கே பாதிதான் நினைவுக்கு வருகிறது. அன்று யாராவது ஒருவர் தினம் ஒரு படம் எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்ற ஏக்கமும் உண்டு.

முதல் இருபது நாள் உற்சாகத்தில் போயிற்று. அதற்குப் பிறகு அதே தெரு, அதே தூண், அதே மோட்டார் சைக்கிள். நாற்பதாம் நாள் வாக்கில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்றிற்று. தொழுகைக்குப் பழகும் சிறுபிள்ளைக்கும் இந்தச் சலிப்பு வரத்தானே செய்கிறது? அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பான அமல், கொஞ்சமேயானாலும் விடாமல் செய்யப்படுவது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக ஆயிஷா நாயகி (ரலி) அறிவிக்கும் ஹதீஸை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். படம் எடுப்பது அமலன்று என்பது நமக்குத் தெரியும். ஆனால் விடாப்பிடி என்பது எதில் பழகினாலும் பழக்கந்தான் என்று நம்மைத் தேற்றிக்கொண்டோம்.

சலிப்புக்கு மருந்தாக இன்னொன்றும் கேள்விப்பட்டோம். 1838 இல் தாகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிஸ் மாநகரின் ஒரு பெருந்தெருவை மேல் ஜன்னலிலிருந்து படம் எடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு படம் பதியப் பல நிமிஷம் ஆகும். தெருவில் வண்டியும் ஜனமும் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தும் ஒன்றும் பதியவில்லை. ஓரமாக நின்று காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் மட்டும் பதிந்திருக்கிறார். ஓடியவர் யாவரும் மறைந்தனர், நின்றவர் நிலைத்தார். வாசலில் உட்கார்ந்தே ஆயுளைக் கழிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு ஆறுதல்!

நமது படத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். எதிர் அஞ்சடியில் பெட்டிக்கடை வைத்திருந்த பெரியவர். மாமு என்றே அழைப்போம். முதல் நாள் கைபேசியை நீட்டியவுடன், "தம்பி, என் சூரத்தை எடுக்காதே. நாளை மறுமையில் எனக்கும் சேர்த்து உன்னைக் கேட்பார்கள்" என்று சொல்லிப் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதன் பிறகு தினமும் நாம் வாசலுக்கு வந்தவுடன் பத்திரிகை உயரும். 62 நாள் படங்களில் மாமு இல்லை, இரண்டு கால்களும் ஒரு பத்திரிகையுந்தான்.

இதில் உலமாக்களுக்குள் அபிப்பிராய பேதம் இருப்பது யாவரும் அறிந்ததே. எகிப்தில் 1914 முதல் 1920 வரை முஃப்தியாக இருந்த ஷெய்கு முஹம்மது பகீத் அல் முத்தீஈ, காமிராப் படம் என்பது உருவத்தைப் படைப்பதன்று, நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று தனி நூலே எழுதினார். ஆகாது என்று சொல்லும் பெரியார்களும் உளர். கண்ணாடியில் தெரிவது ஆகும் என்றால் அது அங்கேயே தங்குவது மட்டும் எப்படி ஆகாது என்று நாம் மாமுவிடம் வாதாடியதுண்டு. இருட்டறையில் சிறு துளை வழியே விளக்கொளி நேர்க்கோட்டில் புகுந்து எதிர்ச்சுவரில் விழுவதை ஆராய்ந்து எழுதியவர் பஸராவில் பிறந்த நம் இப்னுல் ஹைதம் என்றும், அவர் காலம் ஆயிரம் வருஷத்துக்கு முன் என்றும் எடுத்துச் சொன்னோம். (காமிரா என்ற பெயரே அரபி என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது சரியன்று. அறை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. இல்லாத பெருமை நமக்கு எதற்கு?) மாமு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெற்றிலை மடிப்பார். 63 ஆம் நாள் பத்திரிகை உயரவில்லை. காரணம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மாமு எல்லாப் படங்களிலும் இருக்கிறார், சிலவற்றில் சிரித்துக்கொண்டும் இருக்கிறார்.

இனி விட்ட நாளுக்கு வருவோம்.

2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, தைப்பூச விடுமுறை. அன்று வரவேண்டிய பேரீச்சம்பழப் பெட்டிகள் மறுநாள் புதன்கிழமை கடை திறக்கும் நேரத்தில் லாரியில் வந்து இறங்கின. நோன்புக்கு மூன்று வாரமே இருந்தது. பெட்டி எண்ணுவதும், ஈரம்பட்டதைத் தள்ளுவதும், சீட்டில் கையெழுத்திடுவதுமாக அன்றைய பொழுது போயிற்று. நள்ளிரவுக்கு மேல் படுக்கையில்தான் நினைவு வந்தது: இன்று படம் எடுக்கவில்லை. 221 ஆம் நாள்.

நாம் வழக்கமாக இரண்டு படம் எடுத்து, நல்லதை வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமையின் இரண்டாவது படம் கைபேசியில் இருந்தது. அதே தெரு, அதே தூண், அதே மாமு. யாருக்குத் தெரியும்? 220 நாள் விடாமல் செய்ததை ஒரு லாரிக்காகக் கெடுத்துக்கொள்வதா? அந்தப் படத்தைப் புதன்கிழமைக்கென்று ஒதுக்கினோம். சுபுஹு தொழுதுவிட்டுக் குறிப்பேட்டிலும் எழுதினோம்: "221. புதன். வழக்கம் போல்."

வியாழக்கிழமை காலை கடைக்குப் போனபோது பெட்டிக்கடை பூட்டியிருந்தது. மாமு இரவே மௌத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜனாஸாவில் கலந்துகொண்டோம். சனிக்கிழமை அந்த வாரத்துப் படங்களை அச்சிட்டு வந்து ஒட்டும்போது புதன்கிழமைப் படத்தையும் ஒட்டி, நமது கையாலேயே 12 என்று தேதி எழுதினோம். அப்போதாவது கை நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. பத்து நாள் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து வந்த மாமுவின் மகன் ஆல்பத்தைப் பார்க்க வேண்டுமென்றார். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார். "நானா, இது அத்தா மௌத்தான அன்று எடுத்ததா? கடைசி நாளும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்!" என்று கண் கலங்கினார். பெரிதாக்கி அம்மாவுக்குக் கொடுக்க ஒரு பிரதி வேண்டும் என்றார். நாம் ஒன்றும் சொல்லாமல் அனுப்பிக் கொடுத்தோம்.

ஜமாஅத்து நண்பர் ஒருவரிடம் இஷாவுக்குப் பின் இதைச் சொன்னோம். "யாருக்கு ஒரு சென் நஷ்டம்? துக்கப்பட்ட குடும்பத்துக்கு ஆறுதல் கிடைத்தது. சமாதானத்துக்காகச் சொல்லும் பொய் பொய்யாகாது என்று ஹதீஸே இருக்கிறதே" என்றார். தள்ளிவிடக்கூடிய வாதமன்று அது. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. நாம் அந்தப் பொய்யைச் செய்தபோது மாமுவின் மௌத்துச் செய்தியே நமக்கு எட்டவில்லை. 355 என்ற கணக்கு குறையாமல் நிறைய வேண்டும், மகளிடம் முடித்துக்காட்ட வேண்டும் என்ற ஆசைக்காகச் செய்தோம். பிறகு துக்கம் வந்தது, அதன் மேல் இரக்கம் என்ற போர்வையைப் போர்த்தினோம். முகஸ்துதிக்காகச் செய்ததை தர்மக் கணக்கில் எழுதினால், அது இரண்டாவது பொய்யல்லவா?

தொழுகை விட்டுப்போனால் களா உண்டு. ரமலான் நோன்பு விட்டுப்போனாலும் வேறு நாளில் பிடிக்கலாம். ஆனால் ஷவ்வாலில் பிடிக்கும்போது களா என்றே நிய்யத்து வைக்கிறோம், இதுதான் ரமலான் என்று யாரும் சொல்வதில்லை. ஜும்ஆவின் விஷயமோ வேறு. ஜும்ஆ தவறினால் ஜும்ஆவாகக் களாச் செய்ய வழியே இல்லை. லுஹர்தான் தொழ வேண்டும், லுஹர் என்றே தொழ வேண்டும். புதன்கிழமையின் படமும் அந்த வகையைச் சேர்ந்ததென்றே நமக்குப் பட்டது. புதன்கிழமை போனது போனதுதான்.

மேலும் ஒரு சம்பவம் நம்மை விடவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் அதை மக்கள் பார்க்கும்படி மேலே போட்டிருக்கலாமே என்பதுதான் அவர்கள் கேட்டது. நனைந்ததற்காக அந்த வியாபாரி கண்டிக்கப்படவில்லை. எந்தக் குவியலும் நனையும். ஈரத்தை அடியில் வைத்ததுதான் குற்றமாயிற்று. நாம் அந்தப் புதன்கிழமை முழுவதும் செய்துகொண்டிருந்ததும் அதுதானே, பெட்டி பெட்டியாக ஈரம் பார்த்துத் தள்ளியது! அன்றிரவே நமது ஈரத்தை நாம் அடியில் தள்ளினோம்.

மாமுவின் மகன் பெட்டிக்கடையைக் காலி செய்ய மறுபடி வந்தபோது அஞ்சடியில் வைத்துச் சொன்னோம். "தம்பி, அந்தப் படம் புதன்கிழமை எடுத்ததன்று, செவ்வாய்க்கிழமை எடுத்தது. புதனன்று நாம் எடுக்கவே இல்லை. தேதியை நாமே எழுதினோம்." அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினார். பிறகு சொன்னார்: "அம்மா அன்றைக்கே சொன்னார்கள் நானா. புதன்கிழமை அத்தாவுக்குப் பச்சைக் கட்டம் போட்ட சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான், இதில் வெள்ளைச் சட்டை இருக்கிறதே என்றார்கள். கடைக்காரர் தேதியில் பொய் எழுத மாட்டார், உங்களுக்குத்தான் மறதி என்று நான் சொல்லிவிட்டேன்."

நமக்கு நாக்கு எழவில்லை. கணவரின் கடைசி நாளைச் சரியாக நினைவு வைத்திருந்த ஒரு மூதாட்டியை, நமது பேனா மறதிக்காரியாக்கியிருந்தது. நஷ்டம் ஒரு சென் கூட இல்லை என்று நண்பர் சொன்னாரே! அன்று மாலையே அந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் நாமே பேசி, அவர்கள் நினைவுதான் சரி என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். "எனக்குத் தெரியும் தம்பி" என்றார்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதனன்று காலை பெட்டிகளுக்கு நடுவிலிருந்து நாம் மாமுவுக்கு ஸலாம் சொன்னோம், அவரும் பதில் சொன்னார். அது நினைவிருக்கிறது. அவர் பச்சைச் சட்டை போட்டிருந்தாரா என்று எவ்வளவு யோசித்தாலும் கண்ணில் வரவில்லை.

மீதி 134 நாளும் எடுத்தோம், 2025 ஜூன் 26 அன்று முடிந்தது. ஆல்பத்தில் 354 படங்கள் இருக்கின்றன. 221 ஆம் இடத்திலிருந்த படத்தைப் பிய்த்தபோது தாளும் கொஞ்சம் கிழிந்தது, அதை அப்படியே விட்டிருக்கிறோம். அதன் கீழ் எழுதியிருப்பது: "புதன். எடுக்கவில்லை. பச்சைக் கட்டம் போட்ட சட்டை. நமக்கு நினைவில்லை, வீட்டார் சொல்லக் கேட்டது." அந்த அம்மா பிறகு ஆளனுப்பி, பத்திரிகை முகத்தை மறைத்த 62 படங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.