ஆம்பை ஆன் செய்!

எலக்ட்ரிக் கிட்டார் வீட்டுக்கு வந்துவிட்டது. அப்புறம் ஏன் அது இன்னும் பைக்குள்ளேயே கிடக்கிறது?

காஞ்சிபுரம் பக்கத்துத் தாமலில் உட்கார்ந்துகொண்டு இதை வாசித்து என்ன ஆகப்போகிறது என்கிறாய். ஏரியும் வயலும் நெடுஞ்சாலையும் இருக்கிற ஊரில் இதையெல்லாம் யார் கேட்பார்கள் என்கிறாய்.

நிறுத்து! உன் ஊர் யாரைத் தந்தது என்று உனக்குத் தெரியுமா?

டி. கே. பட்டம்மாள். தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள்! 1919-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். உன் ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கக் கர்நாடக சங்கீதம் பாடியவர்.

அவர் வீட்டுப் பெண்கள் மேடையேறிப் பாடுவதை அன்று யாராலும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கச்சேரியின் கடினமான பகுதியான ராகம் தானம் பல்லவியோ ஆண்களின் கோட்டை. அந்தத் தாளக் கணக்கெல்லாம் பெண்ணுக்கு வராது என்று தீர்ப்பே எழுதி வைத்திருந்தார்கள்.

அவர் ஏறினார். பல்லவியும் பாடினார். 'பல்லவி பட்டம்மாள்' என்றே பேர் நிலைத்தது. 1970-ல் சங்கீத கலாநிதி விருது!

அவருக்கு எதிரே ஒரு சமூகமே நின்றது. உனக்கு எதிரே என்ன நிற்கிறது? ஒரு கேபிளும் ஒரு பெட்டியும்!

உன் பயம் எனக்குத் தெரியும். அக்கூஸ்டிக்கில் நீ கொஞ்சம் பேர் வாங்கிவிட்டாய். கல்லூரி விழாவில் கைதட்டினார்கள். கல்யாண வீட்டில் இன்னொரு பாட்டு கேட்டார்கள்.

எலக்ட்ரிக்கைக் கையில் எடுத்தாய். நேற்றுச் சேர்ந்த மாணவன் மாதிரி கேட்டது. கூசிப்போய் மூடி வைத்துவிட்டாய். அவ்வளவுதானே?

கை தடுமாறாமல் என்ன செய்யும்? அக்கூஸ்டிக்கில் தந்தி மரத்தை அதிர வைத்தால்தான் சத்தம். அதனால் உன் கை பலத்தை நம்பியே பழகிவிட்டது.

எலக்ட்ரிக்கில் வேலையே வேறு. பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும். தந்தி அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப் அதைப் பெருக்குகிறது.

எதைப் பெருக்குகிறது? நீ செய்கிற எல்லாவற்றையும்! நல்ல மீட்டலையும் பெருக்கும். தவறிப்போய் விரல் உரசியதையும் பெருக்கும்.

தந்திகள் மெலிசு. அக்கூஸ்டிக் பழக்கத்தில் அழுத்திப் பிடித்தால் சுருதி மேலே ஏறிவிடும். நீ தொடாத தந்திகளும் சேர்ந்து முனகும்.

எனவே பிடியைத் தளர்த்து! வலது உள்ளங்கை விளிம்பைத் தந்திமேல் மெல்ல வைத்து வேண்டாத சத்தத்தை அடக்கு. இடது சுட்டுவிரலையும் சும்மா விடாதே. பக்கத்துத் தந்திகளை அதுதான் அமுக்க வேண்டும்.

டிஸ்டார்ஷன் போட்டால் தப்பெல்லாம் மறைந்துவிடும் என்று யார் சொன்னது? கெயினைக் கூட்டிப் பார். முனகல் அலறலாகும். ஆறு தந்தியையும் அடித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். முதலில் கிளீன் டோனில் உன் கையை நீயே கேள். வலிக்கும். கேள்!

மேண்டலின் ஸ்ரீனிவாஸ் கதை தெரியுமா? ஆறு வயதில் அந்தக் கருவியைத் தொட்டவர். மேண்டலினில் மீட்டிய ஒலி சட்டென்று செத்துவிடும். சுரத்தை அசைத்து இழைக்கிற கமகம் எங்கே நிற்கும்?

அவர் கமகத்தையும் விடவில்லை, கருவியையும் விடவில்லை. எலக்ட்ரிக் மேண்டலினுக்கு மாறினார். இரட்டை இரட்டையாக இருந்த தந்திகளை ஒற்றையாக்கினார். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்.

இது கர்நாடக சங்கீதத்துக்கு ஒத்து வராது என்றவர்கள் உண்டு. அந்தச் சிறுவன் வாசித்துக் காட்டினான்! 1983-ல் பெர்லின் ஜாஸ் விழா மேடை. 1998-ல் பத்மஸ்ரீ.

பாப் டிலனை எடுத்துக்கொள். 1965 ஜூலை, நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. அக்கூஸ்டிக்கில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடிப் பேர் வாங்கியவர் எலக்ட்ரிக் கிட்டாரோடு வந்தார். கூட்டத்தில் கூச்சல். அடுத்த ஆண்டு இங்கிலாந்து வரைக்கும் அது அவரைத் துரத்தியது. கிட்டாரைக் கழற்றி வைத்தாரா?

ரொம்ப தூரமா? சரி, உன் ஊர் வழியாகப் போகிற பெங்களூர் சாலையில் மேற்கே போ. ராணிப்பேட்டை வரும். கிட்டார் பிரசன்னா பிறந்த ஊர்! ஐஐடி மெட்ராஸில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தார். அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார். எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதக் கிருதிகள் வாசிக்கிறார். ராக் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ஓர் ஆல்பமே போட்டார். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஸ்வர்ணபூமி இசைக் கல்லூரியைத் தொடங்கி நடத்தினார்.

அவருக்கு ராணிப்பேட்டை. உனக்குத் தாமல். ஊர் எங்கே தடுத்தது?

கரண்ட் போய்விட்டதா? ஆம்ப் இல்லாமலே விரல் பழகும். பக்கத்து வீட்டில் திட்டுகிறார்களா? ஹெட்ஃபோன் மாட்டு.

சொல்லித்தர ஆளில்லையா? வைகாசியில் காஞ்சி வரதர் கருட சேவைக்குப் போ. நாகஸ்வரக்காரர் பக்கத்தில் நின்று கேள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படி வழுக்கிப் போகிறார் என்று கவனி. எலக்ட்ரிக் கிட்டாரில் தந்தியை வளைத்து நீ தேட வேண்டியது அந்த இழைவைத்தான். அது நம் மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பிலும் கிடைக்காது என்பது என் உறுதியான நம்பிக்கை.

'கொஞ்சம் தயாரானதும் ஆரம்பிக்கிறேன்' என்கிறாயா? ஆரம்பிக்காமல் எப்படித் தயாராவாய்?

எடு கிட்டாரை! கேபிளைச் சொருகு. சத்தத்தைக் குறைத்து வை.

இரண்டாம் தந்தி, பத்தாம் ஃப்ரெட். மீட்டு. அந்தச் சுரத்தைக் காதில் ஏற்று.

இப்போது எட்டாம் ஃப்ரெட்டுக்கு வா. மோதிர விரலை வை. நடுவிரலையும் சுட்டுவிரலையும் அதன் பின்னால் துணைக்குச் சேர். தந்தியை மேலே தள்ளு. காதில் இருக்கிற அதே சுரத்தைப் பிடி!

எட்டவில்லையா? தாண்டிவிட்டதா? மறுபடி பத்தாம் ஃப்ரெட்டைக் கேள். மறுபடி தள்ளு!