எல்லைக் கோடும் நம் மனச்சாட்சியும்

கடை அடைக்கும் நேரம். அன்பர் ஒருவர் பாக்கிக் கணக்கையெல்லாம் தீர்த்துவிட்டு, புறப்படாமல் நின்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாய், சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். நீங்கள் இருக்கிற புளோக் அந்தப் பள்ளிக்குப் பக்கம். எங்கள் அடையாள அட்டையில் உங்கள் விலாசத்தைப் போட்டுக்கொள்ளட்டுமா? குடிவரப் போவதில்லை, பேருக்குத்தான்."

உடனே மறுத்துவிட்டோம் என்று எழுத நமக்கு ஆசைதான். ஆனால் உண்மை அதுவன்று. "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினோம். கஷ்ட காலத்தில் நமக்குக் கைகொடுத்தவர் அவர். அவர் கேட்டது பணமுமன்று. நான்கு வரி விலாசம். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அன்றிரவு யோசித்தோம். அந்த யோசனையையே இங்கே அன்பர்கள் முன் வைக்கிறோம். நம்மில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள், அல்லது கேட்கப்பட்டவர்கள்.

முதலில் விதி என்னவென்று பார்ப்போம். சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு கட்டம் கட்டமாக நடைபெறுகிறது. அண்ணனோ அக்காளோ அப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால் முதற்கட்டத்திலேயே இடமுண்டு. பெற்றோர் அப்பள்ளியின் பழைய மாணவராயிருந்தால் அடுத்த கட்டம். பள்ளிக்குத் தொண்டூழியம் செய்தவர்கள், பள்ளியோடு தொடர்புடைய சபையையோ சங்கத்தையோ சேர்ந்தவர்கள் முதலியோர் அதற்கடுத்த கட்டம். எந்தத் தொடர்பும் இல்லாத சாதாரணக் குடும்பத்தார் '2 சி' என்னும் கட்டத்தில் மனுச் செய்கிறார்கள். இடத்தைவிட மனுக்கள் மிகுந்துவிட்டால், குடிமக்களுக்கு முன்னுரிமை தந்து, பின் தூரத்தைப் பார்க்கிறார்கள். 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர் முதல். 1 முதல் 2 கிலோமீட்டருக்குள் இருப்பவர் அடுத்து. அதற்கு அப்பால் உள்ளவர் கடைசி. எந்த வளையத்தில் நெருக்கடி ஏற்படுகிறதோ, அந்த வளையத்தாருக்குள் குலுக்கல் நடக்கிறது.

ஆக, நம் ஊரில் பள்ளி எல்லை என்பது ஒவ்வொரு பள்ளியையும் சுற்றி வரையப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத இரண்டு வளையங்கள். அந்த வளையத்துக்கு ஒரு முழம் உள்ளே இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு முழம் வெளியே இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்? அறிவில் வித்தியாசமில்லை, தகுதியில் வித்தியாசமில்லை, பள்ளிக்கு நடந்து வரும் சிரமத்திலும் வித்தியாசமில்லை. அப்படியானால் ஒருவனை முந்தவிட்டு மற்றவனை நிறுத்தி வைக்கும் கோட்டுக்கு என்ன நியாயம்?

வியாபாரிகளாகிய நமக்கு இதற்கு விடை தெரியும். ஒரு கிலோ என்பது ஏன் இவ்வளவு, ஏன் இதற்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கவில்லை என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல இயலாது. ஆனால் அந்தப் படிக்கல் எல்லாருக்கும் ஒன்றாயிருக்கிறது. அதுவே அதன் நியாயம். வேண்டியவருக்கு ஒரு கல், வேண்டாதவருக்கு ஒரு கல் என்று வைத்திருப்பவன் வியாபாரியல்லன். பள்ளிக்கூடத்து எல்லைக் கோடும் அப்படியே. கோடு இல்லையென்றால் அந்த இடத்தில் சிபாரிசு வந்து உட்கார்ந்துவிடும். பெரிய மனிதரைத் தெரிந்தவன் உள்ளே, தெரியாதவன் வெளியே. ஆளைப் பார்க்காமல் தூரத்தைப் பார்ப்பதே ஏழைக்குப் பாதுகாப்பு. அந்தக் கோட்டுக்கு இதற்கு மேல் எந்தப் புனிதமும் கிடையாது.

படிக்கல்லையும் மாற்ற வேண்டிய காலம் வரத்தான் செய்கிறது. 1970-களில் காத்திக் கணக்கு போய்க் கிலோக் கணக்கு வந்தபோது, முறை எல்லாருக்கும் சேர்த்து, எல்லாருக்கும் தெரிய மாறியது. பள்ளி எல்லையும் அவ்வாறு மாறியிருக்கிறது. முன்னர் பள்ளி வளாகத்துக்குள் ஒரு புள்ளியிலிருந்து தூரத்தை அளந்தார்கள். 2022-ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து பள்ளி நிலத்தின் எல்லையோரத்திலிருந்தே அளக்கிறார்கள். இதனால் அதுவரை வளையத்துக்கு வெளியே நின்ற சில புளோக்குகள் உள்ளே வந்தன. வந்தவர்களுக்கு மகிழ்ச்சி. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கோ போட்டி கூடியது. யாருடைய வீடும் இடம் மாறவில்லை. ஆனால் பலருடைய நம்பிக்கை இடம் மாறிற்று. கோட்டை எப்படி மாற்றினாலும் ஒருவருடைய லாபம் இன்னொருவருடைய நெருக்கடியாகவே முடிகிறது.

மாற்றாமலே இருந்துவிடலாமே என்றால், ஊர் நம்மைக் கேட்டுக்கொண்டு வளர்வதில்லை. மீன்பிடிக் கிராமமும் பண்ணைகளுமாய் இருந்த பொங்கோலில் இன்று மாடி வீடுகள் நிறைந்திருக்கின்றன. பிள்ளைகள் குறைந்துபோன பேட்டைகளின் நிலைமை வேறு. 2019-ஆம் ஆண்டில் 14 தொடக்கப்பள்ளிகள் 7 பள்ளிகளாக இணைக்கப்பட்டன. புதிய நகரான தெங்காவுக்கு 2025-இல் பழைய பள்ளியொன்று இடம் பெயர்ந்தது. மக்கள் நகரும்போது பள்ளியும் நகர வேண்டியிருக்கிறது. பள்ளி நகரும்போது வளையமும் நகர்கிறது.

இங்கே மூன்று தரப்பார் எழுந்து நியாயம் கேட்கிறார்கள். ஒவ்வொருவரையும் கேட்போம்.

முதலாமவர் சொல்கிறார்: "இந்தப் பள்ளியை நம்பி, அதிக விலை கொடுத்து இந்த வீட்டை வாங்கினேன். இப்போது கோட்டை மாற்றினால் என் பணத்துக்கு என்ன பதில்?" இவருடைய வருத்தம் பொய்யன்று. ஆனால் நம் கடை வாசலில் ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதை நம்பியே கூடுதல் வாடகைக்குக் கடை எடுத்தோம். நிறுத்தம் இடம் மாறினால் நமக்கு நஷ்டந்தான். முன்கூட்டியே சொல்லுங்கள், சற்று அவகாசம் கொடுங்கள் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. பஸ் இங்கேதான் என்றென்றும் நிற்க வேண்டும் என்று கேட்க உரிமையில்லை. வீடு அவருக்குச் சொந்தம். பள்ளியின் இடம் ஊருக்குச் சொந்தம்.

இரண்டாமவர் சொல்கிறார்: "இப்பள்ளியை எங்கள் முன்னோர் கட்டினர். எங்களுக்குப் பிறகுதான் மற்றவர்." இந்தப் பேச்சை நம் சமூகமும் பேசலாம். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நாம் மறக்கவில்லை. அது 1960-இல் உயர்நிலைப் பள்ளியாயிற்று. தமிழ் வழியில் உயர்நிலைக் கல்வி தந்தது. ஆனால் பிள்ளைகள் குறைந்துபோகவே 1982-இல் அதன் கதவுகள் மூடப்பட்டன. அப்பெயர் இன்று உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் வாழ்கிறது. கட்டியவர்களின் பெருமை குறைந்ததாலா பள்ளி மூடப்பட்டது? இல்லை, வந்து உட்காரப் பிள்ளைகள் இல்லாததால் மூடப்பட்டது. கல்லும் நினைவும் மட்டும் பள்ளியைக் காப்பாற்றுவதில்லை. ஆகவே புதிதாகக் குடிவந்தவரின் பிள்ளையைப் பாரமென்று கருதுவது பிழை. அந்தப் பிள்ளைதான் பள்ளியின் ஆயுள். தவிரவும், கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நாகூரிலிருந்தும் கப்பலேறி வந்த நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் இவ்வூருக்குப் புதியவர்களே. முன்னே வந்தவர்கள் அன்று கதவைச் சாத்தியிருந்தால் நாம் எங்கே இருந்திருப்போம்?

கல்வி அமைச்சும் இந்தப் பழைய தொடர்பு, புதிய வரவு என்னும் இரண்டுக்கும் நடுவே நின்றுதான் வழி தேடுகிறது. 2014-ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் பிந்திய கட்டங்களுக்கென்று 40 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2022 முதல் 2 சி கட்டத்துக்கு மட்டும் ஒதுக்கப்படும் இடங்கள் 20-இலிருந்து 40 ஆயின. இது போதுமா என்று வாதிக்கலாம், வாதிக்கவும் வேண்டும்.

மூன்றாமவரின் குரல் சற்று மெல்லிதாய் ஒலிக்கிறது: "தூரம் பார்ப்பது நியாயமென்கிறீர்கள். ஆனால் நல்ல பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வாங்கப் பணம் யாரிடம் இருக்கிறது?" இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. வெறும் தூரக் கோடு எவ்வளவு அநியாயத்தைத் தாங்கி நிற்கும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. இன வாரியாகப் பள்ளிகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் வெள்ளையர் ஒரு பகுதியிலும் கறுப்பினத்தார் ஒரு பகுதியிலும் குடியிருந்த நகரங்களில், குடியிருப்பைப் பார்த்து வரையப்பட்ட பள்ளி எல்லைகள் பழைய பிரிவினையையே காத்து நின்றன. டெட்ராயிட் நகரத்துப் பிரிவினையைத் தீர்க்கப் புறநகர்ப் பள்ளிகளையும் சேர்க்கத் திட்டமிட்டபோது, புறநகர்கள் குற்றம் செய்ததாக நிரூபணமில்லாமல் அவற்றைச் சேர்க்கலாகாது என்று அதே நீதிமன்றம் 1974-இல் தடுத்தது. கோடு யாரையும் ஏசவில்லை, அடிக்கவுமில்லை. சும்மா கிடந்தே பிரித்துவிட்டது.

நம் வீடமைப்புப் பேட்டைகளில் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருப்பதால், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என்றால் பல இனப் பிள்ளைகள் என்று ஆகியிருக்கிறது. இது நாம் மதிக்க வேண்டிய நன்மை. ஆயினும் இனத்தில் கலந்த பேட்டை வசதியிலும் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மூன்றாமவரின் குறை அந்த அளவுக்கு நியாயமானதே.

இப்போது அந்த அன்பரிடம் திரும்புவோம். அவரும் இந்த மூன்றாமவரின் வாதத்தைத்தான் சொல்லாமல் சொன்னார். பணக்காரன் வீட்டையே வாங்குகிறான். நான் விலாசத்தை மட்டும் இரவல் கேட்கிறேன், இதிலென்ன பாவம் என்பதே அவர் எண்ணம். இரவு வெகுநேரம் இது நமக்கும் சரியென்றே பட்டது. பிறகு ஒரு கேள்வி வந்து நின்றது. அவர் பிள்ளை நம் விலாசத்தால் உள்ளே போனால், வெளியே போவது யார்? வீடு வாங்கிய பணக்காரனின் பிள்ளையன்று. அவன் பிள்ளையும் குலுக்கலில் இருக்கலாம். ஆனால் அதே வளையத்தில் மூவறை வீட்டில் உண்மையாகவே குடியிருக்கும் டாக்சி ஓட்டியின் பிள்ளையும், கடைச் சிப்பந்தியின் பிள்ளையும் அதே குலுக்கலில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்குச் சீட்டு விழாமல் போகும். ஏன் விழவில்லை என்று அவன் தாய்க்கு ஒருநாளும் தெரியாது. நஷ்டப்படுகிறவரின் முகம் தெரியவில்லை என்பதற்காக நஷ்டமே இல்லை என்று கணக்கெழுதுவது எந்த வியாபார தர்மம்?

சட்டமும் இதை விளையாட்டாகக் கருதவில்லை. தூரத்தைக் காட்டி இடம் பெற்றவர், பதிவு தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 30 மாதமாவது அவ்விலாசத்தில் குடியிருக்க வேண்டும். பொய் விலாசம் கொடுப்பது குற்றம். பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றவும் அமைச்சுக்கு அதிகாரமுண்டு. ஆனால் அகப்பட்டுக்கொள்ளும் பயத்தைவிடப் பெரிதொன்று இருக்கிறது. ஆசிரியர் "உன் வீடு எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டுமென்று ஆறு வயதுப் பிள்ளைக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். எழுத்துக்கு முன்னே பொய்யைப் படித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு எந்தப் பள்ளி நல்ல பள்ளி?

ஆகவே நாம் வந்து சேர்ந்த முடிவு இது. பள்ளி எல்லை யாருடைய சொத்துமன்று. உள்ளே இருப்பவர் கையில் அது ஓர் அமானிதம். ஊர் வளரும்போது அதை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது, அந்தக் கோட்டுக்கு அப்புறம் நம் பிள்ளையே நின்றாலும் இதை நியாயமென்போமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முன்னறிவிப்பு கேட்கலாம், அண்ணன் தம்பிகளைப் பிரிக்காதீர்கள் என்று கேட்கலாம், தொடர்பில்லாதவர்க்கு இன்னும் அதிக இடம் ஒதுக்குங்கள் என்று கேட்கலாம். இவற்றையெல்லாம் பகிரங்கமாக, பெயர் போட்டுக் கேட்க வேண்டும். திருட்டுத்தனமாய்க் கோட்டைத் தாண்டுகிறவன் கோட்டின் அநியாயத்தைத் திருத்துவதில்லை. அதைத் தன்னைப்போன்ற இன்னோர் ஏழையின் தலையில் இறக்கி வைக்கிறான்.

மறுநாள் அவரிடம் விலாசம் தர இயலாதென்று சொன்னோம். அவர் வீட்டருகே இருக்கும் பள்ளிக்குச் சேர்ந்து போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னோம். "வேண்டாம் பாய், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று போய்விட்டார். சில வாரம் கடைப்பக்கமே வரவில்லை. இப்போது வருகிறார், சாமான் வாங்குகிறார், ஆனால் முன்போல் உட்கார்ந்து பேசுவதில்லை. அந்த வருத்தம் நமக்கு இன்னும் இருக்கிறது. தராசை நேராகப் பிடித்தவனுக்குச் சில சமயம் வாடிக்கை குறையும் என்பது நம் பெரியவர்கள் அறிந்த விஷயந்தான்.

அடுத்த பதிவுக் காலம் வரும்போது நம் அன்பர்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி யாரேனும் வந்து நிற்கக்கூடும். இல்லையென்று சொல்லும் தைரியத்தோடு, "வாருங்கள், உங்கள் வீட்டுப் பக்கத்துப் பள்ளியை நன்றாக ஆக்க நானும் கை கொடுக்கிறேன்" என்று சொல்லும் மனமும் நமக்கு வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது.