ஒரு புள்ளடி, இரண்டு கணக்கு

2025 மே 6 அன்று நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணி மக்கள் வாக்குச்சீட்டில் புள்ளடி இட்டார்கள். இந்தியாவில் இயந்திரம் வந்து இத்தனை காலமாகியும் இலங்கையில் ஏன் இன்னும் காகிதம் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் சீட்டு செய்கிற வேலையை முதலில் பார்க்க வேண்டும்.

2018 முதல் உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கலப்பு முறை நடைமுறையில் இருக்கிறது. வாக்காளர் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே ஒரு புள்ளடி இடுகிறார். அது இரண்டு முறை கணக்கில் வருகிறது. முதலில் வட்டாரத்தில் யார் அதிக வாக்குப் பெற்றார் என்று பார்க்கிறார்கள். ஏறத்தாழ 60 வீதமான உறுப்பினர்கள் இப்படி வருகிறார்கள். பிறகு சபை முழுவதும் ஒவ்வொரு தரப்பும் பெற்ற வாக்குகளைக் கூட்டி, விகிதாசாரப்படி மிகுதி 40 வீதத்தைப் பட்டியலிலிருந்து நிரப்புகிறார்கள். வட்டாரத்தில் தோற்றவருக்கு விழுந்த வாக்கும் இரண்டாவது கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு சீட்டு நிராகரிக்கப்பட்டால் இரண்டு கணக்கும் குறைகிறது.

இயந்திரத்துக்குச் சார்பான வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. இரண்டு கட்சிகளுக்குப் புள்ளடி இடுவதை இயந்திரம் அனுமதிக்காது. ஆனால் நாடாளுமன்றச் சீட்டில் விருப்பு வாக்கும் உண்டு. உள்ளூராட்சிச் சீட்டு அதைவிட எளிது. விரைவு என்ற வாதமோ இங்கே மெலிந்துபோகிறது. வட்டாரச் சீட்டுகளை அங்கேயே, கட்சி முகவர்கள் முன்னிலையில் சில மணி நேரத்தில் எண்ணிவிடலாம்.

இந்தியாவின் அனுபவம் நீளமானது. 1982 மே மாதம் கேரளத்தின் பறவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முதலாக வைக்கப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சாவடிகளில் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்தபோது, முதலில் தோற்றவர் வென்றார். அதன் பின்னரே சட்டம் திருத்தப்பட்டது. வாக்காளர் தம் தெரிவை 7 வினாடி கண்ணால் பார்க்கும் தாள் சீட்டு வசதி 2013இல், நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில்தான் முதலில் வந்தது. பறவூரிலிருந்து அதற்கு 31 ஆண்டுகள் பிடித்தன. தமிழ்நாட்டில் இயந்திரமும் சீட்டும் அருகருகே இருக்கின்றன: 2022 பெப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் இயந்திரத்தில் நடந்தது, ஒரே வாக்காளர் நான்கு வாக்குப் போடும் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் நான்கு நிறச் சீட்டுகளில் நடந்தது.

ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் இன்னும் கடுமையாகத் தீர்ப்பளித்தது. தேர்தலின் முக்கியமான படிகளைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடியவேண்டும் என்றது. நான் இதையே முதன்மையாக வைக்கிறேன்; காரணம் குறிஞ்சாக்கேணியிலேயே இருக்கிறது. 2021 நவம்பர் 23 அன்று, பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அங்கே மக்களை ஏற்றிச்செல்லும் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அதை ஓடவிட்டது யார் என்ற கேள்வி கிண்ணியா நகர சபையை நோக்கியும் எழுந்தது. இப்படிப்பட்ட முடிவுகளை எடுக்கிற சபைக்கு யார் போகிறார்கள் என்பதைச் சொல்லும் எண்ணிக்கையில், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டாருக்கு ஒரு துளி ஐயமும் இருக்கக்கூடாது.

ஆகவே இயந்திரம் வரட்டும், ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் உள்ளூர் அதிகாரசபைகள் தேர்தல்கள் கட்டளைச் சட்டத்தில் அதற்கு இடம் வேண்டும். வாக்காளர் பார்த்து உறுதிசெய்த தாள் பெட்டியில் விழவேண்டும். தாளுக்கும் இயந்திரத்துக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்பதைச் சட்டமே சொல்லவேண்டும். இன்னொன்று, இயந்திரத்திலிருந்து சாவடி வாரியாக எண்ணிக்கை வெளியானால் எந்தக் குடியிருப்பு யாருக்குப் போட்டது என்பது தெரிந்துவிடும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் திருகோணமலையில் இது பெரிய விடயம். எனவே பல சாவடிகளின் எண்ணிக்கையைச் சேர்த்தே வெளியிட வேண்டும். பரிசோதனைக்கு எல்பிட்டிய போன்ற ஒரு பிரதேச சபை பொருந்தும்: 2019இலும் 2024இலும் அதன் தேர்தல் தனியாக நடந்தது. அங்கே ஒரு முறை இயந்திரக் கணக்கையும், எல்லாத் தாள்களையும் கையால் எண்ணிய கணக்கையும் அருகருகே வைத்து வெளியிடட்டும்.