இடிபட்ட காடிக்கு யார் விலை சொல்வது?

சமயமும் பண்பாடும் பேசுகிற நம் இதழில் காடி விபத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நடுநிலை, நேர்மை என்பதெல்லாம் பேச்சுப் போட்டி மேடையில் நாம் நன்றாகவே பேசுகிற சொற்கள். அந்தச் சொற்கள் முதன்முதலாக நம் சொந்தப் பணத்தோடு மோதுகிற இடம், நம்மில் பல பேருக்கு ஒர்க்‌ஷாப்தான்.

ஓர் உதாரணம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆன தம்பி ஒருவர் ஒன்பது வருடக் கடனில் மைவி வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பின்னால் வந்த காடி மோதிவிடுகிறது. ஆளுக்கு ஒன்றுமில்லை, காடிக்குத்தான் அடி. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்கிறார். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. பிறகு காடி ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது. பழுதுபார்க்க 9,800 ரிங்கிட் ஆகும் என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். 5,900 ரிங்கிட் போதும் என்கிறது மோதியவரின் காப்புறுதி நிறுவனம். ஒரே காடி, ஒரே அடி. எப்படி இரண்டு விலை?

வேலை கூடினால் ஒர்க்‌ஷாப்புக்கு லாபம். தொகை குறைந்தால் நிறுவனத்துக்கு லாபம். அதற்காக இரண்டு பேருமே பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஒரு கதவைத் தட்டிச் சரி செய்துவிடலாமா, புதுசு போடணுமா என்பதில் நேர்மையான இருவரே வேறுபடலாம். ஆனா சந்தேகம் வருகிற ஒவ்வொரு இடத்திலும் மனுஷனோட கண் தனக்கு லாபமான பக்கம்தான் சாயும். பத்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தால் அதுவே நாலாயிரம் ரிங்கிட் ஆகிவிடும்.

இதற்காகத்தான் அட்ஜஸ்டர் என்று ஒரு தொழிலே இருக்கிறது. சேதத்தைப் பார்த்து, அளந்து, படம் எடுத்து, எந்தப் பாகத்தைப் பழுதுபார்ப்பது, எதை மாற்றுவது, எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவு என்று அறிக்கை தருபவர் அவர். மலேசியாவில் இந்தத் தொழிலைச் செய்யும் நிறுவனங்கள் 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்கீழ் பேங்க் நெகாராவிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். நம் சொந்தப் பாலிசியில் கோரிக்கை வைத்தால் அட்ஜஸ்டரை நியமிப்பது நம் காப்புறுதி நிறுவனம். மோதியவரின் பாலிசியில் மூன்றாம் தரப்புக் கோரிக்கை வைத்தால் நாமே ஒருவரை நியமிக்கலாம்; அவருடைய கட்டணத்தையும் கோரிக்கையில் சேர்க்கலாம். இது பல இளைஞர்களுக்குத் தெரிவதில்லை. “அவங்க குடுக்கறத வாங்கிக்கணும், நம்ம என்ன செய்ய முடியும்?” என்று விட்டுவிடுகிறார்கள்.

சரி, அட்ஜஸ்டர் வந்தாச்சு. பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் உண்மையான கேள்வி தொடங்குகிறது. அந்த அட்ஜஸ்டருக்கும் யாரோ ஒருவர்தானே காசு கொடுக்கிறார்? நிறுவனம் நியமித்தவர் நிறுவனத்தின் முகம் பார்ப்பார் என்று நாம் சந்தேகப்படுகிறோம். மூன்றாம் தரப்புக் கோரிக்கையில் பெரும்பாலும் ஒர்க்‌ஷாப்காரரே, “நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு தம்பி” என்று அட்ஜஸ்டரைக் கூட்டி வருவார். அப்போ அவர் யார் முகம் பார்ப்பார்? சம்பளம் வாங்குகிற எவருமே நடுநிலையாக இருக்க முடியாது என்றால், சுதந்திரமான மதிப்பீடு என்பதே வெறும் பேச்சுதானா?

என் நண்பர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். “எல்லாரும் அவனவன் பக்கம்தான் பாக்குறான். காப்புறுதிக்காரன் வருசா வருசம் நம்ம காச வாங்குறான். கிடைக்கிறப்போ பழைய கீறலையும் சேர்த்து எழுதிக்க வேண்டியதுதானே?” கேட்க நியாயம் மாதிரியே இருக்கும். ஆனால் இதற்குள் ஒரு தப்பான கணக்கு ஒளிந்திருக்கிறது. சேதம் என்பது வெறும் அபிப்பிராயம் என்று அது வைத்துக்கொள்கிறது.

பொறியியல் படிப்பவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்றைய காடிகளில் உடலும் சட்டமும் ஒரே கூடு. மோதலின் விசையை வாங்கிக்கொண்டு மடங்குவதற்காகவே முன்னும் பின்னும் சில பகுதிகளை வடிவமைத்திருக்கிறார்கள். பின்னால் மோதினால் பம்பர் பிளாஸ்டிக் மறுபடி பழைய வடிவத்துக்கு வந்துவிடலாம். அதற்குப் பின்னால் இருக்கிற உலோகத் தண்டு வளைந்திருக்கும், பூட்டின் தளம் மடங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பம்பரைக் கழற்றி, தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் அளவுப் புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதேபோல் பழைய கீறலும் புதிய அடியும் ஒன்றல்ல. பழைய கீறலில் துரு இருக்கும், அழுக்கு படிந்திருக்கும். பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவியை வைத்தால், முன்பே புட்டி பூசிய இடம் காட்டிக்கொடுத்துவிடும். மில்லிமீட்டருக்கும் மைக்ரானுக்கும் சம்பளம் யார் தருகிறார்கள் என்று தெரியாது.

இந்த இடத்தில் பெரியபுராணத்தில் வரும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. சுந்தரரின் திருமணத்தன்று முதியவர் ஒருவர் வந்து, உன் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அது முதியவர் தன் ஊர் என்று சொன்ன ஊர். இன்றைய மொழியில் சொன்னால், எதிர்த்தரப்பு நியமித்த அட்ஜஸ்டர்! கிழிந்தது படிதான் என்று முதியவர் மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். சபையார் என்ன செய்தார்கள்? முதியவர் முகத்தையும் பார்க்கவில்லை, மணமகன் முகத்தையும் பார்க்கவில்லை. பாட்டனார் கைப்பட எழுதிப் பாதுகாப்பில் இருந்த வேறு ஓர் ஓலையை வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டார்கள். பொருந்தியது. தீர்ப்பு சுந்தரருக்கு எதிராக வந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார். வந்தவர் சிவபெருமான் என்பது பிறகுதான் தெரிகிறது.

பக்தியோடு படிக்கும் இந்தக் கதையில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. இறைவனே வந்தாலும் ஆதாரத்தைச் சபைமுன் வைக்கிறார். சபையை நம்பகமாக்கியது அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதல்ல. அவர்கள் பின்பற்றிய முறை. இரண்டு தரப்பின் கையிலும் இல்லாத ஒரு மாதிரியோடு, எல்லார் கண் முன்னாலும் ஒப்பிட்டார்கள். அட்ஜஸ்டரிடமும் நாம் கேட்க வேண்டியது இதுதான். “நீங்க யார் ஆளு?” என்று கேட்பதைவிட, “எதை அளந்தீங்க, எதோடு ஒப்பிட்டீங்க, படம் எங்கே?” என்று கேட்பது பலன் தரும்.

சுந்தரரிடமிருந்து கற்க வேண்டியது இன்னும் கஷ்டமானது. சுதந்திரமான மதிப்பீடு வேண்டும் என்று நாம் கேட்கும்போது, நிறுவனத்திடமிருந்து சுதந்திரம், ஒர்க்‌ஷாப்பிடமிருந்து சுதந்திரம் என்று மட்டும் நினைக்கிறோம். என்னிடமிருந்தும் சுதந்திரம் வேண்டாமா? அந்த மைவி தம்பி நியமித்த அட்ஜஸ்டர் 7,300 ரிங்கிட் என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பூட்டின் தளத்தை நிறுவனம் கணக்கில் சேர்க்கவில்லை, அது சேர வேண்டும். இடது கதவின் பள்ளமோ பழசு, அது வராது. முதல் வரியைக் கையில் பிடித்துக்கொண்டு நிறுவனத்தோடு சண்டை போட்டுவிட்டு, இரண்டாவது வரிக்காக அட்ஜஸ்டரைத் திட்டினால், நாம் தேடியது நீதிபதியையா, வக்கீலையா? நமக்கு எதிராகவும் பேசக்கூடியவர் என்பதால்தான் அவர் நமக்காகப் பேசும்போது அதற்கு மதிப்பு. திருவள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் துலாக்கோலை உவமையாகச் சொல்கிறார். தராசில் என் தட்டும் ஒரு தட்டுதான்.

“நஷ்டம் வந்தா யாருக்கு வரப்போகுது, கம்பெனிக்குத்தானே?” என்பார்கள். கம்பெனியிடம் இருக்கும் பணம் எல்லாரும் கட்டிய சந்தா. கூட்டி எழுதிய கதவுக்கு, அடுத்த வருடம் இன்னொரு மோட்டார் சைக்கிள்காரரும் சேர்ந்துதான் கட்டுகிறார். மறுபக்கம், குறைத்து எழுதுவதிலும் ஆபத்து இருக்கிறது. வளைந்த தண்டை மாற்றாமல் மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் காடி பார்க்கப் புதுசாகவே இருக்கும். நாலு வருடம் கழித்து அதை வாங்கும் குடும்பம் மறுபடி ஒரு மோதலைச் சந்தித்தால், காக்க வேண்டிய பகுதி காக்காது. அந்தக் குடும்பத்துக்கு ஒர்க்‌ஷாப்பில் பேச ஆள் கிடையாது. நேர்மையான மதிப்பீடு ஒன்றுதான் அவர்களுக்காகவும் பேசுகிறது.

காத்திருக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. கிராப் ஓட்டிப் பிழைக்கும் அண்ணன் ஒருவருக்கு ஒவ்வொரு நாளும் காசு. அவரிடம் போய்த் தத்துவம் பேசுவது சுலபம். அதனால்தான் அட்ஜஸ்டர் அறிக்கையில் வரும் நாள் கணக்கு முக்கியம்: மூன்றாம் தரப்புக் கோரிக்கையில், பழுதுபார்க்கும் நாட்களில் காடி இல்லாமல் இருந்ததற்கும் இழப்பீடு கேட்கலாம். சின்னக் கீறலுக்கு இத்தனையும் தேவையில்லை, அதுவும் உண்மை. ஆனால் ரோட்டோரத்தில், “முந்நூறு வெள்ளி தர்றேன் தம்பி, இங்கேயே முடிச்சுக்கலாம்” என்று ஒருவர் சொன்னால், பம்பருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அங்கே நின்றபடி இருவருக்குமே தெரியாது என்பதை மறக்காதீர்கள்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. வேலை தொடங்குவதற்கு முன்பே மதிப்பீடு நடக்கட்டும்; தட்டிவிட்ட பிறகு சாட்சி போய்விடும். அட்ஜஸ்டர் பதிவு பெற்றவரா, கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். அறிக்கையின் நகலை வாங்கி, பாகம் பாகமாகப் படியுங்கள். கழற்றிய பிறகு புதுச் சேதம் தெரிந்தால் மறுபடி வந்து பார்க்கச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். நிறுவனத்தின் முடிவு சரியில்லை என்றால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிடுங்கள். அதற்குப் பிறகும் தீராத தகராறுகளுக்கு நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மேன் சேவை இருக்கிறது. பயனீட்டாளருக்குக் கட்டணம் கிடையாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காரியம். அறிக்கை கைக்கு வருவதற்கு முன்பே நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம்: எண் கூடினாலும் குறைந்தாலும், காரணம் சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்வேன். அதைச் சொல்ல மனசு வந்தால், நாம் கேட்பது உண்மையிலேயே நியாயம்தான்.