யாத்திரிகர் கண்ட அருளறம்



நம் முகத்தை நாமே நேரில் காண இயலாது, கண்ணாடி வேண்டும். அவ்வாறே ஒரு நாட்டு மக்கள் தம் அறவாழ்வின் நிறைகுறைகளைக் காண வேண்டுமாயின், வேற்று நாட்டிலிருந்து வந்து பார்த்துச் சென்றோர் எழுதி வைத்த ஏடுகள் கண்ணாடியாக அமைகின்றன. நாள்தோறும் பழகிய பொருள் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புதியவர் கண்ணுக்கே அது புதுமையாய்த் தோன்றுகிறது. அத்தகைய கண்ணாடி ஒன்றை எடுத்து இன்று நம் முகத்தைப் பார்த்துக்கொள்வோம். அதில் அழகும் தெரியும்; அழுக்கும் தெரியும். இரண்டையும் காணும் துணிவு நமக்கு வேண்டும்.

இத்தாலி நாட்டின் ரோம் நகரில் 1586ஆம் ஆண்டு உயர்குடியில் பிறந்தவர் பியெத்ரோ தெல்லா வாலே என்பவர். 1614இல் வெனிஸ் துறைமுகத்தில் கப்பலேறிய இவர், துருக்கி, எகிப்து, பாலஸ்தீனம், பாரசீகம் முதலிய நாடுகளில் பல்லாண்டுகள் சுற்றி, 1623ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குஜராத்தின் சூரத்து நகரை வந்தடைந்தார். மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் ஆண்ட காலம் அது. பாக்தாத்தில் இவர் மணந்த மானி என்னும் அம்மையார், 1621இன் இறுதியில் பாரசீகத்தின் தென்கரைப் பகுதியில் நோயுற்று இறந்தார். பிரிவாற்றாத இவர் மனைவியின் உடலைப் பதப்படுத்திப் பெட்டியில் வைத்துத் தம் பொறுப்பிலேயே கொண்டு திரிந்தார். 1627இல்தான் ரோம் நகரில் அடக்கம் செய்தார். மோகனீய கன்மத்தின் வலிமையை எண்ணி நாம் வியக்கலாம், இகழ வேண்டா. இழப்பின் துயரை நெஞ்சிலே சுமந்த ஒருவருடைய கண்களே நம் நாட்டைப் பார்த்தன என்பதை மட்டும் நினைவில் கொள்வோம்.

அவ்வாண்டிலேயே அவர் காம்பே நகருக்குச் சென்றார். இன்று கம்பாத் என வழங்கும் அக்கடற்கரை நகரில் அவர் தேடிச் சென்று பார்த்தது அரண்மனையன்று. பறவைகளுக்கான மருத்துவ இல்லம். நோயுற்றவை, கால் ஒடிந்தவை, துணையை இழந்தவை என்று பலவகைப் பறவைகள் அங்குப் பேணப்பட்டன. நலம் பெற்றபின் காட்டுப் பறவைகளைப் பறக்க விட்டுவிடுவர். வீட்டுப் பறவைகளை அறவுள்ளம் கொண்ட யாரேனும் ஒருவரிடம் வளர்க்கக் கொடுப்பர்.

அங்கே அவர் கண்ட காட்சியொன்று நானூறு ஆண்டுகள் கடந்தும் நம் கண்முன் நிற்கிறது. தாயை இழந்த சின்னஞ்சிறு எலிக்குஞ்சுகள் சில அவ்வில்லத்தில் இருந்தன. வெண்தாடி படர்ந்த முதியவர் ஒருவர், மூக்கின்மேல் கண்ணாடி அணிந்து, பெட்டிக்குள் பஞ்சின் நடுவே அவற்றைக் கிடத்தியிருந்தார். வேறெதையும் உண்ணும் வளர்ச்சி பெறாத அவற்றுக்கு, ஒரு பறவையின் இறகினால் பாலைத் தொட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். வளர்ந்தபின் என்ன செய்வீர் என்ற வினாவுக்கு, விரும்பிய இடத்துக்குப் போகவிடுவோம் என்பதே அவர் விடை.

எலியினால் அவருக்கு என்ன பயன்? தானியத்தை அழிக்கும் உயிரல்லவா அது? நம் ஆன்றோர் வகுத்த நால்வகைத் தானங்களை எண்ணிப் பாருங்கள். பாலூட்டியது ஆகார தானம். நலம் பேணியது ஔடத தானம். இங்கே உன்னைக் கொல்வார் இல்லை என்று இடமளித்தது அபய தானம். அயல்நாட்டார் ஒருவர் கேட்டபோது மறைக்காமல் விளக்கிச் சொன்னாரே, அதனைச் சாத்திர தானம் என்று கொள்வதிலும் பிழையில்லை.

அவ்வில்லத்தை நடத்தியோர் சைனரா வைணவரா என்று அவர் பிரித்து எழுதவில்லை. அத்தகைய இல்லங்களைக் குஜராத்தின் வணிகப் பெருமக்கள், சைனரும் வைணவருமாகப் பேணி வந்தனர். ஆதலின் எம்மவர் செய்தது என்று மார்தட்டுதல் நமக்குத் தகாது. அறம் எவர் கையால் நடந்தாலும் அது அறமே.

அந்நகரில் அவர் கண்ட மற்றொன்றையும் கேளுங்கள். ஆடுகளும் குட்டிகளும் பேணப்பட்ட வேறோர் இல்லத்தில், விலங்குகளின் நடுவே ஒரு மனிதனும் இருந்தான். அவன் இசுலாமியன். திருட்டுக் குற்றத்திற்காக இரு கைகளும் வெட்டப்பட்டவன். உழைத்து உண்ண வழியற்ற அவன் பட்டினியால் மடியக்கூடாதென்று, அவ்வூரார் அவனை ஏற்றுக் குறையின்றிக் காத்தனர். அவன் வேற்றுச் சமயத்தான், திருடனும்கூட. நல்லோரிடம் பிரமோதம், துன்புறுவோரிடம் காருண்யம், நெறி தவறியோரிடம் மாத்தியஸ்தம் என்று நம் ஆகமம் கூறும் பாவனைகளுள், பின்னிரண்டும் அந்த ஒருவன்பால் ஒன்றாய்க் கூடின.

அக்காலத்து ஐரோப்பாவின் நிலை யாது? இலண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், கரடியைக் கம்பத்தில் கட்டி வேட்டை நாய்களை ஏவி, அது குதறப்படுவதைக் கட்டணம் செலுத்திக் கண்டு களித்தனர். அரசர்களும் அதனை விரும்பினர். 1637இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த், விலங்குகள் பகுத்தறியும் ஆன்மா அற்றவை, பொறிகளைப் போன்றவை என்று எழுதினார். கால்நடைகளை வதைப்பதைத் தடுக்க இங்கிலாந்தில் முதற்சட்டம் 1822இல் வந்தது. விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1824இல் தோன்றியது. கரடிப் போர் 1835இல்தான் தடை செய்யப்பட்டது. காம்பே முதியவரின் இறகுக்கும் இங்கிலாந்தின் முதற்சட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கிடக்கின்றன.

இவ்வளவோடு நிறுத்தினால் இவ்வுரை நம் செவிக்கு இனிக்கும். ஆனால் அனேகாந்தம் பயின்றவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து நிற்கலாகாது.

அதே ஐரோப்பாவில், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், பெற்றோரால் கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தைகளை ஏற்று வளர்க்கும் இல்லம் 1445இலேயே திறக்கப்பட்டது. இங்கே தாயற்ற எலிக்குஞ்சுக்குப் பால் கிடைத்தது என்றால், அங்கே தாயற்ற மனிதக் குழந்தைக்கும் பால் கிடைத்தது. அதுவும் அருளே. இன்றோ, விலங்குகள் உணர்வுள்ள உயிர்கள் என்னும் கருத்து, 2009இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையால் ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படைச் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. பின்தங்கியிருந்தோர் கற்று முன்னேற முடியும் என்பதற்கு இது சான்று. முந்தியிருந்தோர் அயர்ந்தால் பின்தங்கவும் நேரும்.

இனிக் கண்ணாடியில் தெரியும் அழுக்கைக் காண்போம். அதே 1623ஆம் ஆண்டின் இறுதியில் தெல்லா வாலே கன்னட நாட்டில் பயணம் செய்தார். இக்கேரி செல்லும் வழியில், கோயில் முகப்பொன்றில் சிறுவர் நால்வர் ஆசிரியரின்றித் தாமே கணக்குப் பயில்வதைக் கண்டார். தரையில் நுண்மணலைப் பரப்பி, வாய்ப்பாட்டை இசையோடு பாடிக்கொண்டே விரலால் எழுதினர். தவறினால் திருத்துபவர் யார் என்று அவர் வினவினார். நால்வரும் ஒரே இடத்தில் ஒருசேரத் தவற மாட்டோம், ஒருவன் தவறினால் மற்றவர் திருத்துவோம் என்று விடையிறுத்தனர். எம் சிற்றூரில் முதல் எழுத்தை மணலில் விரலால் எழுதியவர் யாமும் ஆதலின், இப்பகுதியைப் படித்தபோது உளம் நெகிழ்ந்தோம். ஒருவர் பார்வையின் குறையை மற்றவர் பார்வை நிரப்பும் என்னும் அனேகாந்தத்தை இதனினும் எளிதாக எந்த ஆசிரியர் கற்பிக்க முடியும்!

ஆனால் அப்பயணத்தின்போதே இக்கேரியில் அவர் மற்றொன்றையும் கண்டார். ஜக்கம்மா என்னும் தெலுங்குப் பெண். முரசு கொட்டும் தொழிலாளியான அவள் கணவன் இறந்து சில நாள்களே ஆகியிருந்தன. அவள் உடன்கட்டை ஏறத் துணிந்து ஊர்வலமாக வந்துகொண்டிருந்தாள். தெல்லா வாலே அவள் இல்லத்திற்கே சென்று, இளங்குழந்தைகளை விட்டு ஏன் உயிர்விட வேண்டும் என்று எடுத்துரைத்துத் தடுக்க முயன்றார். தன் விருப்பத்தாலேயே இறக்கப் போவதாக அவள் கூறினாள், மனம் மாறவில்லை.

எண்ணிப் பாருங்கள். இந்நாட்டின் ஓர் ஊரில் எலிக்குஞ்சுக்கு இறகால் பால் ஊட்டினர். மற்றோர் ஊரில் இரு குழந்தைகளின் தாய் நெருப்பை நோக்கி நடக்க, ஊரார் இசை முழக்கி உடன் சென்றனர். அதனைத் தடுக்க முயன்றவரோ, இறந்த மனைவியின் உடலைச் சுமந்து திரிந்த அயல்நாட்டார். உடன்கட்டையைத் தடை செய்யும் சட்டம் வங்காளத்தில் 1829இல்தான் வந்தது. அவ்வழக்கம் நம் சமய நெறிக்கு உடன்பாடானதன்று எனச் சிலர் கூறலாம். உண்மையே. எனினும் இந்நாட்டின் பெருமையில் பங்கு கேட்கும் நாம், சிறுமையில் பங்கில்லை என்று விலகிக்கொள்ள இயலுமா? ஐரோப்பாவோ அதே காலத்தில் சூனியக்காரிகள் என்று பழி சுமத்திப் பெண்களை எரித்துக்கொண்டிருந்தது. இரு நிலங்களிலும் அருள் இருந்தது. இரு நிலங்களிலும் அது ஏதோ ஓர் எல்லையில் வந்து நின்றுவிட்டது.

அருள் எந்த எல்லையில் நிற்கிறது என்பதே நாம் ஆராய வேண்டுவது.

நம் முனிவர் கையில் மயிற்பீலி உள்ளது. அமரும் இடத்திலும் நடக்கும் வழியிலும் உள்ள சிற்றுயிர்க்கு ஊறு நேராவண்ணம் மெல்ல விலக்குவதற்கு அது. காம்பே முதியவர் கையிலும் ஓர் இறகு இருந்தது, அது ஊட்டுவதற்கு. தீங்கு செய்யாமை முதல் இறகு; நன்மை செய்தல் இரண்டாம் இறகு. இரண்டும் கூடினால்தான் அஹிம்சை என்னும் பறவை பறக்கும். நாம் முதல் இறகைப் பழக்கத்தால் காக்கிறோம். நீரை வடிகட்டுகிறோம்; இருட்டியபின் உண்பதில்லை; கிழங்கு வகைகளை விலக்குகிறோம். இவை போற்றத்தக்கவை. இரண்டாம் இறகு எங்கே?

எழுபதைக் கடந்த இவ்வயதில், எம் குற்றம் ஒன்றை இவ்விடத்தில் சொல்லாமல் பிறர்க்கு அறம் உரைக்க எமக்குத் தகுதியில்லை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் யாம் பணியாற்றிய காலம். ஓர் அட்டமி நாள். யாம் உபவாசம். அதில் எமக்கு உள்ளூரச் செருக்கும் இருந்தது. பிற்பகல் வகுப்பில் பயிற்சி மாணவி ஒருத்தி கண்ணயர்ந்தாள். உண்ணாமல் யாமே நின்றுகொண்டு பாடம் நடத்துகிறோம், உண்டுவிட்டு நீ உறங்குகிறாயா என்று அனைவர் முன்னிலையிலும் கடிந்தோம். அவள் ஒன்றும் பேசவில்லை. விடுதிக் கட்டணம் செலுத்த இயலாமல் இரண்டு நாளாக அவள் தண்ணீரை மட்டும் குடித்து வந்தாள் என்பது மறுநாள் தெரிந்தது. அதற்குள் அவள் ஊருக்குப் போய்விட்டாள், திரும்பி வரவில்லை. கடிதம் எழுதினோம், மறுமொழி இல்லை.

எம் உபவாசத்திற்குத் திதி இருந்தது; பாரணைக்கு உணவும் காத்திருந்தது. அவள் உபவாசத்திற்குத் திதியும் இல்லை, பாரணையும் இல்லை. அன்று யாம் எவ்வுயிரையும் கொல்லவில்லை. ஆயினும் ஓர் உயிர் எம் கண்முன்னே வாட, அதன்மேல் சுடுசொல்லும் எறிந்தோம். ஆண்டுதோறும் க்ஷமாவணி நாளில் உறவினரிடமும் நண்பரிடமும் பொறுத்தருள வேண்டுகிறோம். யாரிடம் வேண்ட வேண்டுமோ அவளிடம் இன்றுவரை வேண்ட இயலவில்லை. இக்கட்டுரை அவள் கண்ணில் படுமாயின், இதையே எம் வேண்டுதலாக ஏற்றருள்க.

அஹிம்சா அணுவிரதத்திற்கு நம் ஆசாரியர் ஐந்து அதிசாரங்களைக் கூறியுள்ளனர். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவை வண்டி மாட்டுக்கு மட்டும் உரியன என்று எண்ணுவோர் உளர். வீட்டுவேலை செய்யும் பெண்ணின்மேல் ஏற்றும் வேலையும் பாரமே. அவள் பசித்திருப்பதை அறிந்தும் கேளாதிருத்தல் உணவு தடுத்தலின் சாயலே. கணவனை இழந்த பெண்ணை மங்கல நிகழ்ச்சியின் வாயிலுக்கு வெளியே நிறுத்துதல், கயிறில்லாமல் கட்டி வைத்தலே அன்றோ? ஜக்கம்மாவின் நெருப்பு அணைந்துவிட்டது. அதன் சாம்பல் நம் கூடங்களில் இன்னும் முழுவதும் பெருக்கப்படவில்லை.

ஆதலின் அன்பர்களே, வரும் அட்டமி சதுர்த்தசி நாள்களில் நோன்பு நோற்போர் ஒன்று செய்வோம். நாம் உண்ணாது விட்ட ஒரு வேளை உணவு, உண்ண வழியற்ற ஒருவரைத் தேடிச் சென்று சேரட்டும். தேடிச் செல்லுதல் வேண்டும். அவர் நம் வாயிலுக்கு வருவார் என்று காத்திருத்தல் போதாது. நம் வீட்டில் உழைப்போரிடம் உண்டாயா என்று நாள்தோறும் கேட்போம். கேட்டபின் விடைக்காக நிற்போம். வகுப்பில் உறங்கும் பிள்ளையைக் கடியுமுன் அதன் வயிற்றை நினைப்போம்.

நானூறு ஆண்டுகளுக்கு முன் வந்த யாத்திரிகர், பெயர் தெரியாத முதியவர் ஒருவரைக் கண்டு எழுதினார். இனி ஒரு யாத்திரிகர் நம் தெரு வழியே நடந்தால், எழுதத் தக்கதாக எதைக் காண்பார்? நம் கையில் ஓர் இறகும், அதன் நுனியில் ஒரு துளிப் பாலும் அவர் கண்ணில் படட்டும்.

எல்லா உயிர்களும் இன்புறுக. அறம் வளர்க, அருள் பெருகுக.