வினைக்கொள்கையும் பிறப்புத் தாழ்ச்சியும்

மக்கள் உயர்ந்தோர் தாழ்ந்தோர், உடையோர் இல்லோர் என வகுபட்டிருத்தல் கண்கூடு. இதற்குக் காரணம் யாதென வினாவின், நம்மவருட் பலர் "முன்னை வினை" என ஒரு சொல்லால் விடுப்பர். இவ்விடையைப் பற்றியே மேல்நாட்டறிஞர் ஒருவர் நம்மீது குற்றமுஞ் சாற்றினார். செருமானிய சமூகவியலாசிரியர் மாக்சு வேபர், 1916-ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய தம் இந்து சமய ஆராய்ச்சியில், கன்மக் கொள்கை சாதியடுக்கோடு கூடி அதனை அசையாது நிறுத்திற்று என்றார். அக்கூற்று மெய்கண்ட சாத்திரத்துக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், பல்லாண்டுகளாகத் தடுக்கப்பட்டிருந்த பட்டியல் வகுப்பார், 2023 சனவரி 30-ஆம் நாள் காவலர் பாதுகாப்போடு முத்துமாரியம்மன் கோயிலுட் புகுந்து வழிபட்டனர். அ. வைத்தியநாதையர் அவ்வகுப்பாரை மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் அழைத்துச் சென்றது 1939 சூலை 8. சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் பிறந்தது 1947. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950. இத்துணைக் காலங் கழிந்தும் தாயை வணங்கக் காவலர் துணை வேண்டிற்றெனின், சட்டம் எட்டாத நெஞ்சத்தினுள்ளும் ஒரு தடை உண்டென்பது பெறப்படும். வினையைப் பற்றிய பிழைபட்ட துணிபு அத்தடைக்கு அரணாதல் கூடாது.

இனிச் சித்தாந்தங் கூறுமாறு: வினை சடம், செய்தானை நாடிச் சென்று பயன்தர அறியாது. உயிர் அறிவுடையதாயினும் சிற்றறிவினது. தன் வினைப்பயனைத் தானே எடுத்து நுகரமாட்டாது. ஆதலின் பயனைக் கூட்டுவான் முற்றறிவுடைய இறைவன் ஒருவனே. அங்ஙனமாக, "நின் வினை இது, புறத்தே நில்" என்பான், இறைவற்கே உரிய தொழிலைத் தான் மேற்கொண்டானாவான். பிறனது சஞ்சிதத்தைக் கண்டறிந்தார் யார்? பிராரத்தம் ஒருவன் நுகர்ச்சிக்குக் காரணங் கூறுமேயன்றி, மற்றொருவன் இழைக்குங் கொடுமைக்கு உரிமை வழங்காது. வாயிலடைத்தல் அடைத்தானுக்கே ஆகாமியமாய் ஏறும். நோய் வினையால் வந்ததென்று மருந்தை மறுப்பார் இலர். பசி வினையால் வந்ததென்று மடங்கள் அன்னம்பாலிப்பை நிறுத்துவதுமில்லை. உரிமை வேண்டி எழுவார் வினைக்கொள்கையை மறுப்பவருமல்லர். முயற்சியும் வினையே யாகலின்.

அற்றேல், சரியை கிரியை யோகம் ஞானம் எனப் படிநிலை சித்தாந்தத்துக்கும் உடம்பாடன்றோ எனின், உடம்பாடே. ஆயின் அப்படிநிலை மலபரிபாகம் பற்றியது, குலம் பற்றியதன்று. ஆணவம் எல்லா உயிரையும் அநாதியே பற்றி நிற்பது. குலமோ மாயையின் காரியமாகிய உடம்போடு வந்து உடம்போடு கழிவது. ஆதிசைவ மரபினரும் வயதின் மூத்தவருமாகிய அருணந்தி சிவாசாரியார், வேளாண் குலத்து இளையராகிய மெய்கண்டாரை அடைந்து அருள் பெற்றார். உமாபதிசிவனார் பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை செய்து முத்தியளித்த வரலாறு மடங்கள் அறிந்ததே. திருநாளைப்போவார் திருவுருவைத் திருச்சுற்றில் வைத்துப் பூசித்துவிட்டு, அவர் குலத்தாரைப் புறத்தே நிறுத்துதல் எங்ஙனம் பொருந்தும்?

அண்ணாமலையின் தலவரலாறே "யானே பெரியன்" என்னும் வழக்கினின்று எழுந்தது. அயனும் மாலும் உயர்வு பேசி முரணியபோது, சோதி அவருள் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்தி வழக்கை முடிக்கவில்லை. இருவர்க்கும் எட்டாது நின்று அவர்தம் செருக்கையே அடக்கிற்று. கார்த்திகைத் தீபத்தன்று அம்மலையுச்சியைக் கைகூப்பித் தொழுவோர், தம்மூர்ச் சிறு கோயிலின் வாயிலில் அவ்வழக்கை மீண்டும் தொடங்குதல் தகாது.

ஆகவே, ஆதீனங்களும் சைவ சபைகளும் சித்தாந்த வகுப்பு நடத்துங்கால், கன்மம் என்னும் அதிகாரத்தை இப்பொருள் விளங்கக் கற்பித்தல் கடன். வேபர் கூறிய குற்றத்துக்கு ஏட்டில் எழுதும் மறுப்பினும், ஊர்தோறும் திறந்து நிற்கும் வாயிலே தக்க மறுப்பாகும்.