பொய்க்கு யார் வேலி?

2018 மே 9. பசியாவரம் முதலிய மீனவர் ஊர்கள் சூழ்ந்த பழவேற்காட்டில், பிள்ளை பிடிப்பவர் என்ற ஐயத்தால், முன்பின் அறியாத ஒருவரை ஒரு கூட்டம் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அதே நாளில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோவிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண்ணொருவரும் அதே ஐயத்துக்குப் பலியானார். இரண்டுக்கும் பின்னால் நின்றது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி. கொன்றவர்களுள் பலர் தம் பிள்ளைகளைக் காப்பதாகவே எண்ணியிருக்கக்கூடும். பெற்ற பாசத்தையே பொய் தன் ஆயுதமாக்கிக்கொண்டது.

அவ்வாண்டில் இந்தியா முழுவதும் சுற்றிவந்த ஒரு காணொளியை நினைத்துப் பார்ப்போம். குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்திக் கராச்சியில் எடுக்கப்பட்ட விளம்பரப் படம் அது. குழந்தையைத் திருப்பித் தரும் இறுதிக் காட்சியை வெட்டியெறிந்தபின், அது கடத்தலுக்குச் சான்றாகிவிட்டது!

இத்தகைய பொய்யை அரசு கட்டுப்படுத்த வேண்டாமா? வேண்டும். உயிர் போகும் இடத்தில் கருத்துரிமை பேசி ஒதுங்கி நிற்பது அறமாகாது. 2018 ஜூலை 17-இல் உச்ச நீதிமன்றம், கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை அமர்த்துமாறு அரசுகளுக்கு ஆணையிட்டது. அதே மாதத்தில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்ற வரம்பை வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் அறிவித்தது. எவருடைய வாயையும் அடைக்காமல் வதந்தியின் வேகத்தைக் குறைக்க வழியுண்டு என்பதற்கு இது சான்று.

ஆயினும், எது உண்மை என்று தீர்ப்பிடும் அதிகாரத்தையே அரசிடம் ஒப்படைக்கலாமா? தன் பணிகளைப் பற்றிய செய்திகளில் எவை பொய் என்று குறிக்கத் தன் பிரிவு ஒன்றுக்கே அதிகாரம் தரும் விதியை மத்திய அரசு 2023-இல் கொணர்ந்தது. 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. இது நமக்குத் தொலைவான வழக்கன்று. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் தங்கள் ஏரியையும் கரையையும் கெடுக்கும் என்று பழவேற்காட்டு மீனவர் பலர் முறையிட்டுள்ளனர். அத்தகைய திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும் அரசே, அதைப் பற்றிய முறையீட்டைப் பொய் என்று முத்திரை குத்தவும் வல்லதானால், எளியவர் எங்கே போவார்? வழக்கில் ஒரு தரப்பாக நிற்பவரே நீதிபதியாதல் முறையன்று.

இந்த ஏரியில் ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று வலைக்கு முறை வைப்பது அது. வலையில் விழும் மீனுக்கு அது ஆணையிடுவதில்லை. அரசின் ஒழுங்குமுறையும் அவ்வாறே அமையட்டும். வன்முறையைத் தூண்டுவோரைத் தண்டிக்கட்டும். நிறுவனங்களுக்கு வரம்பு விதிக்கட்டும். தன் மறுப்பைத் தாமதமின்றி ஊரறியச் சொல்லட்டும். மெய் எது, பொய் எது என்ற வாதத்தை மக்கள் மன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் விட்டுவிடட்டும்.

எஞ்சியது நம் பங்கு. பழவேற்காட்டுக் கொலை நிகழ்ந்த நான்காம் நாள், மே 13, திருச்சபையின் உலகச் சமூகத்தொடர்பு நாள். அவ்வாண்டுச் செய்திக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்துக்கொண்ட பொருளே பொய்ச் செய்திதான். பொய்ச்சான்று கூடாது என்ற கட்டளையை நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்தோம். சரிபாராமல் ஒன்றைப் பிறருக்கு அனுப்பும்போது நாமும் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறோம் என்பதை எண்ணினோமா?